சூடு தேடும் கொம்பு, சூடு ஆகாத முத்து

மன்னாருக்குத் தெற்கே முசலிக் கரையோரம் மறிச்சுக்கட்டி என்றொரு ஊர். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூடிய ஆண்டுகளில் அந்த மணற்பரப்பில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும்பிவிடும். கம்பும் கிடுகும் கொண்டு கட்டிய தெருக்கள், சிப்பியை எண்ணிப் பிரிக்கும் கொட்டுகள், கடைகள், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் வந்துசேரும். சலாபம் முடிந்ததும் எல்லாம் போய்விடும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் கரையேறின. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அங்கே கடமைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப், தாம் கண்டதைப் பிற்காலத்தில் சிறுகதையாகவும் தன்வரலாற்றிலும் எழுதினார். கூட்டத்தையும் நாற்றத்தையும் ஏலத்தையும் காசையும் பற்றி எழுதியோர் பலர். நான் எழுத வந்தது அந்தக் கூட்டத்தில் சிலருடைய கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய ஒரு சிறு பொருளைப் பற்றி. அதைத் தொட்டு, இந்தக் கரையில் கொம்பையும் முத்தையும் காசில்லாக் கருவிகளால் வசப்படுத்திய கைகளைப் பற்றி.

சலாபத்துக்கு இரண்டு வகைச் சுழியோடிகள் வந்தார்கள். தமிழரும் சோனகரும் ஒரு புறம், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள் மறுபுறம். கல்லின் பாரத்தில் இறங்கும் நம்மவர் மூக்கைக் கைவிரலால் பொத்திக்கொண்டார்கள். அரபிகள் மூக்கில் ஒரு கவ்வியை மாட்டிக்கொண்டார்கள். கொம்பில் செய்த கவ்வி அது. ஒரு துண்டுக் கொம்பு, நடுவே ஒரு பிளவு, அதனால் உண்டான இரண்டு கால்கள், தொலையாமல் இருக்க ஒரு கயிறு. அவ்வளவுதான்.

பழைய பொருள் அது. 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, அரசன் அள்ளிக் காட்டிய முத்துகளைப் பார்த்து வியந்த இபின் பதூதா, வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அங்கே சுழியோடிகள் ஆமையோட்டில் கத்தரிபோல் ஒன்று செய்து மூக்கை அடைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆமையோடும் மாட்டுக்கொம்பும் வெளிப்பார்வைக்கு வேறு வேறு. உள்ளே இரண்டும் கெரட்டின் என்ற ஒரே குடும்பத்துப் புரதம். நம் நகமும் தலைமயிரும் அதே குடும்பந்தான்.

மூக்கை அடைப்பது தண்ணீர் புகாமல் இருக்க மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தோடு சேர்த்து உடலை அமுக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. காதுக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்க, செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு உயிர்போகும் வலி எடுக்கும். மூக்கை இறுக அடைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை மூக்குக்குள் தள்ளினால், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்து காற்று போய்ச் சேரும், வலி நிற்கும். விரலால் பொத்தியவரும் கவ்வி மாட்டியவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். கவ்வி போட்டவருக்கு ஒரு கை மிச்சம். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே தங்கக்கூடிய கடலடியில் ஒரு கை மிச்சம் என்பது சின்ன விஷயமா?

அந்தக் கவ்விக்கு ஏன் கொம்பு? மரத்தில் செய்தால் ஊறிப் பருத்துப் பிளவு இறுகும், அல்லது நார்வழியே விண்டுபோகும். இரும்பு துருப்பிடிக்கும். எலும்பு விறைப்பு, வளைத்தால் முறியும். கொம்பின் விறைப்பு எலும்பினதில் ஏறத்தாழ நாலில் ஒன்றுதான். தண்ணீரில் ஊறினால் அதையும்விடக் குறைந்து இன்னும் இணக்கமாகும். விரித்து மாட்டினால் விரியும், விட்டால் திரும்பி வந்து கவ்வும், உப்புத்தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்தாலும் மூக்குத் தோலை அறுக்காது. றப்பர் வராத காலத்தில் கடலுக்கு ஏற்ற வில்விசை இதுதான்.

மான் கொம்பையும் மாட்டுக் கொம்பையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. மான் கொம்பு எலும்பு, ஆண்டுக்கொரு முறை விழுந்து முளைக்கும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொம்பு விழுவதில்லை. உள்ளே மண்டையோட்டிலிருந்து நீளும் எலும்புத் தண்டு ஒன்று இருக்க, அதன்மேல் உறையாக வளர்வதுதான் நாம் கொம்பு என்கிற பொருள். கூம்புக்குள் கூம்பாக, அடியிலிருந்து படை படையாக வளர்கிறது. அதனால் நுனி கெட்டி, அடி கோறை. கட்டுக்கரைக்குளத்தின் வயல்வெளிகளில், நானாட்டான் பக்கம், மேய்கிற எருமையின் கொம்பில் அடியைச் சுற்றிக் காணும் வளையங்கள் அந்த வளர்ச்சியின் தடங்கள்.

வெட்டிய கொம்பை அப்படியே வேலைக்கு எடுக்க முடியாது. உறையையும் எலும்பையும் ஒட்டிவைத்திருக்கும் மென்தசை அழுக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் சில வாரம் கிடந்தால் தானாகவே விட்டுக்கொடுக்கும். அவசரக்காரர் வேகவைப்பார்கள். பிறகு கொம்பைக் கவிழ்த்து ஒரு கட்டையில் தட்டினால், உள்ளே இருக்கும் எலும்புத் தண்டு முழுசாகக் கழன்று விழும். நாற்றம் பொல்லாதது. இதற்கெனத் தனிக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை, பொறுமைதான் செலவு.

கொம்பு வேலையின் உண்மையான அதிசயம் இதற்குப் பின்தான் வருகிறது. கல் சூட்டில் வெடிக்கும். மரம் எரியும். கொம்பைக் கொதிநீரில் வேகவைத்தால் தோல்போல் வளையும். கெரட்டின் இழைகள் சுருள் சுருளாக முறுக்கி, பக்கத்துப் பக்கமாக இரண்டு வகைப் பிணைப்புகளால் கட்டுண்டவை. ஒன்று மெல்லிய ஐதரசன் பிணைப்பு. மற்றது கந்தக அணுக்கள் இரண்டு கைகோத்த வலிய பிணைப்பு. சூடும் நீரும் சேர்ந்து போகும்போது மெல்லிய பிணைப்புகள் அவிழ்கின்றன, வலியவை விடுவதில்லை. ஆகவே கொம்பு உருகி ஓடாமல் இளகி மட்டும் கொடுக்கிறது. அந்த நிலையில் அமுக்கிப் பிடித்து ஆறவிட்டால், அவிழ்ந்த பிணைப்புகள் புதிய இடங்களில் மறுபடி கட்டிக்கொள்ளும், கொம்பு புதிய வடிவத்தில் நின்றுவிடும். ஈரத்தலையைச் சுருட்டிக் கட்டி உலரவிட்டால் காலையில் சுருள் நிற்பதும், மறுபடி தலை நனைந்தால் சுருள் போய்விடுவதும் இதே வேதியியல். கொம்பிலும் அப்படியே: நிமிர்த்திய பலகையை மீண்டும் கொதிநீரில் போட்டால் தன் பழைய வளைவை நினைத்துக்கொண்டதுபோல் சுருளத் தொடங்கும்.

மெல்லிய துண்டுக்குக் கொதிநீர் போதும். தடித்த கொம்புக்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். ஒடிசாவின் பரலாக்கெமுண்டியில் பரம்பரையாகக் கொம்பு வேலை செய்வோர் தேங்காய் எண்ணெய் தடவி நெருப்பில் காட்டி இளக்குவார்கள். எவ்வளவு நேரம் காட்டுவது என்பதற்கு வெப்பமானி கிடையாது, மூக்குதான் மானி. மயிர் பொசுங்கும் மணம் இலேசாக வரத் தொடங்கும்போது கொம்பை வெளியே எடுக்க வேண்டும். அந்த மணம் கந்தகத்தினது. வலிய பிணைப்புகளும் அறுகின்றன என்று கொம்பு கொடுக்கும் எச்சரிக்கை அது. இன்னும் பிந்தினால் வெண்திட்டுகள் தோன்றிப் படை படையாக உரியும். அந்தக் கொம்பு பிறகு எதற்கும் உதவாது.

இளகிய கொம்பு ஆறுமுன் அமுக்கப்பட வேண்டும், அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் அவகாசம் இல்லை. திருகிவரும் இரும்புப் பிடிச்சிராவி விலை கூடியது, திருகுவதற்கும் நேரம் எடுக்கும். இரண்டு தடித்த பலகை, அவற்றைச் சுற்றி ஒரு மரச்சட்டம், இடைவெளியில் அடித்து இறக்க ஒரு ஆப்பு இருந்தால் வேலை முடிந்தது. பனையின் வைரத்தில் செதுக்கிய ஆப்பு கல்லுக்குச் சமம், மன்னாரில் பனைக்குப் பஞ்சமும் இல்லை. பத்து அங்குல நீளத்தில் ஒரு அங்குலம் தடிக்கும் ஆப்பை ஓர் அங்குலம் உள்ளே அடித்தால் பலகைகள் பத்திலொரு அங்குலம் நெருங்கும். தூரத்தில் இழந்ததை விசையில் ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெறுகிறோம், உராய்வில் போவது போக. அதே உராய்வுதான் அடித்த ஆப்பைத் திரும்பி வராமல் பிடித்தும் வைக்கிறது. சுத்தியலின் நாலு அடி. மறுநாள் காலை வரை தொடவேண்டாம்.

தட்டையான கொம்புப் பலகை கையில் வந்தபின் அறுக்க, சுரண்ட, தேய்க்க, துளைக்க வேண்டும். இரும்பறுக்கும் வாளின் ஓர் அலகு போதும். நடுவில் முறிந்த அலகானால் இன்னும் நல்லது, ஒரு பாதிக்குத் துணி சுற்றிக் கைபிடி ஆக்கலாம், மற்றதைக் கல்லில் தீட்டிச் சுரண்டி ஆக்கலாம். ஆனால் சுரண்டுவதற்கு எனக்கு மிகவும் பிடித்தது உடைந்த கண்ணாடி. யன்னற் கண்ணாடியின் புதிதாக உடைந்த விளிம்பைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் கொம்பு சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும், அரம் விட்ட கீறலெல்லாம் மறையும். இதை ஏழைகளின் சமாளிப்பு என்று எண்ண வேண்டாம். இலத்திரன் நுண்நோக்கியில் பார்ப்பதற்கு உயிரணுக்களை ஒரு மைக்ரோனில் பத்தில் ஒரு பங்குக்கும் மெல்லிதாகச் சீவ வேண்டி வந்தபோது, உருக்குக் கத்திகளால் முடியாமல் 1950இல் ஆய்வாளர்கள் கையிலெடுத்தது உடைத்த கண்ணாடித் துண்டைத்தான். இன்றும் ஆய்வுகூடங்களில் அந்தக் கத்திகள் இருக்கின்றன. கண்ணாடிக்கு உள்ளே மணிகளோ நாரோ இல்லாததால் அது உடையும் இடத்தில் விளிம்பு அணுக்களின் அளவுக்குக் கூர்மையாக நின்றுவிடுகிறது. மழுங்கினால் மறுபடி உடைத்துக்கொள்ளலாம்.

தேய்ப்பதற்குக் கடலே தருகிறது. சுறாவின் உலர்ந்த தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் விரல் கிழியும். அந்தச் சொரசொரப்பு மற்ற மீன்களின் செதில் போன்றதால் வந்ததல்ல. ஒவ்வொரு முள்ளும் ஒரு பல், உள்ளே பல்லுக்குரிய தந்தினி, மேலே எனாமலைப் போன்ற கடும் பூச்சு. கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கொம்பு இரண்டரைக்குப் பக்கம், பல்லின் பூச்சு ஐந்துக்குப் பக்கம். அதனால் சுறாத்தோல் கொம்பை அரிக்கும், கொம்பு அதை ஒன்றும் செய்யாது. அதற்கு அடுத்தபடி கணவாய் ஓடு. பேசாலைக் கரையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும் அந்த ஓட்டின் மெல்லிய உட்பகுதி அரகோனைற்று என்ற சுண்ணாம்புக் கனிமம், கடினம் மூன்றரை முதல் நாலு. கொம்பைவிடச் சற்றே கூட. ஆழமாகக் கீறாமல் மேலே மட்டும் துலக்கும். தேய்க்கும் பொருள் தேய்படும் பொருளைவிடக் கடினமாக இருக்க வேண்டும், கடைசியில் வருவது கொஞ்சம் மட்டும் கடினமாக இருக்க வேண்டும். அரத்தாளைக் கடையில் எண் பார்த்து வாங்குகிறோம். அதே வரிசையைக் கரையில் பொறுக்கி எடுக்கிறார்கள்.

உள்நாட்டில் இந்த வேலைக்குப் பராய் மர இலை இருக்கிறது. திருச்சிக்கு மேற்கே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் அதுதான். அதன் சொரசொரத்த இலையால் தந்தத்தையே மெருகேற்றியிருக்கிறார்கள். முடிவில் உமிச் சாம்பலும் தேங்காய் எண்ணெயும் கலந்து உள்ளங்கையால் தேய்த்தால் எருமைக்கொம்பு கரும்பளிங்காக மின்னும்.

இனித் துளைப்பது. அதற்குத்தான் முத்துக்குப் போக வேண்டும், ஏனெனில் இந்தக் கரையின் மிக நுட்பமான மலிவுக் கருவி முத்துத் துளைக்கும் துறப்பணம்.

ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் அரிப்புக் கடற்கரையில் கட்டிய மாளிகையின் சிதைவுகளைப் பார்த்தவர் பலர். அவருடைய காலத்தில், 1804இல், அரிப்பில் நடந்த சலாபத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார். 1807இல் வெளியான தமது இலங்கை நூலில் முத்துக்குத் துளையிடுபவரின் வேலையை இருந்த இடத்திலிருந்தே பார்த்து எழுதியிருக்கிறார். மாளிகையைக் காட்டிலும் அந்த ஒரு பத்தி நமக்குப் பெரிய சொத்து என்பேன்.

தலைகீழாக நிறுத்திய கூம்பு வடிவில் ஒரு மரக்கட்டை. அதற்கு மூன்று கால்கள், நிலத்திலிருந்து ஓரடி உயரம். கட்டையின் மேல்முகத்தில் பல அளவுகளில் சிறு குழிகள். முத்தைக் குழியில் வைத்து, ஒன்றரை அங்குல நீளமுள்ள தட்டை இரும்புத் துண்டால் தட்டி இறுக்குகிறார்கள். துளைப்பது நன்கு பதமேற்றிய ஓர் ஊசி. அது ஐந்து அங்குல நாணற் குச்சியில் செருகப்பட்டிருக்கிறது. குச்சியின் மறுமுனையில் ஓர் இரும்பு முனை. அந்த முனை சுழல்வதற்கு ஒரு சிரட்டைத் துண்டு. அந்தச் சிரட்டை எங்கே இருக்கிறது? வேலை செய்பவரின் நெற்றியில். குந்தியிருந்து தலையைக் கட்டைமேல் கவிழ்த்து, நெற்றியால் ஊசியை முத்தின்மேல் அழுத்துகிறார். மூங்கிலும் கயிறும் கொண்ட ஒரு வில் குச்சியைச் சுழற்றுகிறது. வலது முழங்காலின்மேல் இன்னொரு சிரட்டை, அதில் தண்ணீர். வில்லை இழுத்துக்கொண்டிருக்கும் அதே வலது கையின் சின்னவிரல் அவ்வப்போது நீரில் தோய்ந்து ஊசியைத் தொட்டு மீளும், வில் நிற்காமல். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு முத்து. நாளொன்றில் நூற்றுக்கணக்கில்.

கணக்குப் போட்டால் விலை எவ்வளவு வரும்? ஓர் ஊசி, நாணல், மூங்கில், கயிறு, உடைந்த சிரட்டை இரண்டு, ஒரு மரக்கட்டை. துளை ஓரம் தெறித்தால் அந்த முத்தின் மதிப்புப் போய்விடும். அப்படிப்பட்ட முத்துகளைப் பல நாடுகளின் வணிகர்கள் இந்தக் கருவியை நம்பித்தான் கொடுத்தார்கள். நம்பியது சரிதான் என்பதற்கு இயற்பியல் சாட்சி.

முதலில் வில். குச்சி எட்டு மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு இரண்டரைச் சென்ரிமீற்றர். வில்லை இருபத்தைந்து சென்ரிமீற்றர் இழுத்தால் ஊசி பத்துத் தடவை சுழலும். விநாடிக்கு இரண்டு இழுவை போட்டால் நிமிடத்துக்கு 1200 சுற்று. மின்துளைப்பான் ஒன்றின் வேகம் அது. கயிறு வழுக்காமல் குச்சியைப் பிடிப்பதற்கு ஒரே ஒரு சுற்றுப் போதும். வள்ளத்தின் கயிற்றைக் கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுக்கும் கடலை ஒரு கையால் நிறுத்துவார்களே, அதே விதி. ஒரு முழுச்சுற்றில் உராய்வு பிடிப்பை ஆறேழு மடங்காக்கிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் இதற்குச் சமன்பாடு எழுதினார். வில்லின் சுழற்சி ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக மாறி மாறி வருவதும் குறையன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் ஊசி ஒரு கணம் நின்று புறப்படுவதால், துளைக்குள் பொடி இறுகாமல் அசைந்து வெளியேறுகிறது.

பிறகு நெற்றி. கையால் அழுத்தினால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஆடும். நெற்றி ஒரே எலும்பு, அதன் பின்னால் தலையின் பாரம் முழுக்க இருக்கிறது. கழுத்தைச் சற்றுத் தாழ்த்தினால் அழுத்தம் கூடும், உயர்த்தினால் குறையும். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. ஊசி முத்தை அரைக்கும் அதிர்வு நாணல் வழியாகச் சிரட்டைக்கும், சிரட்டையிலிருந்து மண்டையோட்டுக்கும் ஏறி, எலும்பு வழியே உட்செவியைச் சேர்கிறது. ஊசி மழுங்கியதா, முத்துக்குள் வெடிப்பு இருக்கிறதா, மறுபக்கம் நெருங்குகிறதா என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது அறியும். கார்டினர் இதைச் சொல்லவில்லை. ஆனால் வேலைசெய்யும் துறப்பணத்தைப் பல்லிலோ நெற்றியிலோ ஒருமுறை வைத்துப் பார்த்தவருக்கு இது விளங்கும்.

கடைசியில் அந்தச் சின்னவிரல். முத்து என்பது அரகோனைற்றுத் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரோன் தடிப்பு, ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் நூற்றுக்கு மேல் அடுக்கலாம். தகடுகளுக்கிடையே மிக மெல்லிய புரதப் படலம். எடையில் நூற்றுக்கு ஐந்துதான் புரதம், ஆனால் முத்தின் உறுதி அதில்தான் இருக்கிறது. வெடிப்பு ஒன்று ஓடத் தொடங்கினால் நேராகப் போக விடாமல் ஒவ்வொரு தகட்டோரத்திலும் திருப்பிவிடுவது அந்தப் படலம். சுத்தமான அரகோனைற்றை உடைப்பதைக் காட்டிலும் முத்துப்படலத்தை உடைக்க ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது இன்றைய பொருளறிவியலார் வியந்து பின்பற்ற முயலும் செய்தி. அந்தப் படலத்துக்குப் பகை சூடு. சூடேறினால் புரதமும் அதில் தங்கிய நீரும் கெட்டு, ஒளி மங்கி, ஓரம் வெடிக்கும். அதனால்தான் முழங்காலில் தண்ணீர். விரல் நுனி ஒரு துளியைத்தான் ஏந்தும். முத்துக்கு அந்த ஒரு துளி போதும். சூட்டை எடுக்கும், பொடியையும் கழுவும். அதிகம் ஊற்றினால் குழி நிரம்பிக் கண் மறைக்கும்.

இங்கே கொம்பும் முத்தும் எதிரெதிராக நிற்பது எனக்குத் தீராத வியப்பு. இரண்டும் உயிர் செய்த பொருள், இரண்டிலும் புரதம் உண்டு. கொம்பு முழுக்கப் புரதம் என்பதால் சூட்டுக்கு இளகி வசப்படும். முத்தின் புரதம் கனிமத்துக்கு நடுவே சிறைப்பட்டது, சூட்டுக்குக் கெட்டுத்தான் போகும். ஒன்றுக்குத் தண்ணீர் சூட்டைக் கொண்டுவருகிறது, மற்றதுக்குத் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகிறது. கெரட்டின் என்றோ அரகோனைற்று என்றோ பெயர் தெரியாத மனிதர்கள் இந்த வேற்றுமையைக் கை வழியாகக் கண்டு, அதற்கேற்பக் கருவி அமைத்தார்கள்.

கருவி ஒரே அச்சில் வார்த்ததாகவும் இருக்கவில்லை. 1797ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பார்த்து எழுதிய லெ பெக் என்பவர், துளைப்பவர் மரத்தலைப்பை இடது கையால் அழுத்தியதாகச் சொல்கிறார். நெற்றி இல்லை. கட்டை மென்மரம் என்றும் குறிக்கிறார். மென்மரமாக இருந்தால்தான் குழி முத்தின் உருவத்துக்கு இணங்கி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பிடிக்கும். வன்மரம் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தொட்டு முத்தைக் கீறும். சின்னவிரலும் தண்ணீர்ச் சிரட்டையும் அவருடைய பத்தியிலும் இருக்கின்றன. ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் இரண்டு விதம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தோதாகக் கருவியை மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். கையால் செய்த மலிவுக் கருவிக்கு உள்ள சுதந்திரம் அது.

வில் துறப்பணத்தின் வயது முத்துச் சலாபத்தைவிட மிக மிகக் கூட. பலுசிஸ்தானத்தின் மெஹர்கர் என்ற புதிய கற்கால ஊரில் 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒன்பது பேரின் கடைவாய்ப் பற்களில், உயிரோடு இருக்கும்போதே துளையிட்ட அடையாளம் இருப்பதை 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மணி கோக்கும் கைவினைஞர் வாழ்ந்த ஊர் அது. தீக்கல் முனை பொருத்திய வில் துறப்பணத்தால் பல்லின் எனாமலை ஒரு நிமிடத்துக்குள் துளைக்க முடிந்ததையும் அவர்கள் செய்து காட்டினார்கள். மணிக்குத் துளையிடத் தெரிந்த கைதான் பல்லுக்கும் துளையிட்டது போலும்.

சங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கடலின் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாவது பழைய வழக்கம். டாக்கா நகரின் சங்காரிகள் பிறை வடிவான பெரும் இரும்பு வாளால், சங்கைப் பாதத்தால் அழுத்திப் பிடித்து, வளையம் வளையமாக அறுத்தார்கள். இலங்கை முத்துப் பார்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னல், 1914இல் வெளியிட்ட சங்கு நூலில், கொற்கையில் பழங்காலத்து அறுத்த சங்குத் துண்டுகளைத் தாம் கண்டெடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். வளையல் அறுப்பது வங்காளத்துக்குப் போகுமுன் நம் கரையிலேயே நடந்த தொழில்.

நம் கைவினைஞரைப் பற்றி எழுதியோரில் ஆனந்த குமாரசுவாமிக்குத் தனி இடம் உண்டு. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறியுமுன் அவர் நிலவியலாளர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் தலைவர். மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் வெளியிட்ட நூலில், சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் பக்கத்தில் தந்தம், கொம்பு, சங்கு வேலைகளையும் சமமாக உட்கார வைத்தார். கல்லின் இயல்பை அறிந்தவர் கருவியின் அருமையை அறிந்ததில் ஆச்சரியமில்லை.

இன்று மன்னார்ச் சந்தையை அண்டிய இறைச்சிக் கடைகளில் மாட்டுக்கொம்பு குப்பைக்குப் போகிறது. ஒரு பள்ளிக்கூடத்து மாணவர் கூட்டம் அதைக் கேட்டு எடுத்து, இங்கே சொன்ன கருவிகளைத் தாமே செய்து, ஒரு சீப்போ பொத்தானோ செய்து பார்க்கலாம். செலவு மிகக் குறைவு, வேதியியலும் இயற்பியலும் அதற்குள் இருக்கின்றன. சில எச்சரிக்கைகளை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நோயில் இறந்த மாட்டின் கொம்பைத் தொடவே கூடாது, அந்திராக்ஸ் வித்துகள் கொம்பிலும் மயிரிலும் நெடுங்காலம் உயிரோடு இருக்கும். தேய்க்கும்போது ஈரத்துணியால் மூக்கு, வாயைக் கட்ட வேண்டும், கொம்புப் பொடியும் சிப்பிப் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. கண்ணாடி பிடிக்கும் விரல்களுக்குத் தோலுறை வேண்டும். ஆமையோடு கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. அதைத் தரும் அழுங்காமை அழிவின் விளிம்பில் நிற்கிறது, சட்டமும் தடுக்கிறது.

சீப்பு செய்பவர் பல்லைக் கொம்பின் வளர்ச்சி போன திசையிலேயே அறுக்க வேண்டும். குறுக்கே அறுத்த பல் முதல் சிக்கிலேயே முறியும். துளையிட, குடைக்கம்பியின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி இரு ஓரமும் தீட்டினால் வில்லின் இரு திசைச் சுழற்சிக்கும் வெட்டும். ஊசிக்குப் பதில் அதை நாணலில் செருகி, முத்துக்குச் சுழற்றிய அதே வில்லால் சுழற்றலாம். முத்துக்குச் செய்ததுபோல் தண்ணீர் தொட வேண்டாம், ஊறினால் துளையின் ஓரம் பொங்கும். வேகத்தைப் பாதியாக்கி, நாலு இழுவைக்கு ஒருமுறை முனையை வெளியே எடுத்து ஆறவிட வேண்டும். வெளிவருவது மெல்லிய சுருளாக இருந்தால் சரியாகப் போகிறது. பிசின்போல் முனையில் அப்பிக்கொண்டு மயிர் பொசுங்கும் மணம் வந்தால், வில்லை நிறுத்துங்கள்.